உறங்காக் காவல்

முற்காலத்தில் ஊர்தோறும் இரவுக் காவலர் இருந்தனர். கையில் தடியும் விளக்கும் ஏந்தித் தெருத்தெருவாகச் சுற்றி வருவது அவர்கள் தொழில். குறித்த பொழுதுக்கு ஒருமுறை அவர்கள் ‘பாரா உஷார்’ என்று உரத்துக் குரல் கொடுப்பார்கள். அக்குரல் கேட்டுக் கள்வர் அஞ்சுவர் என்பது உண்மையே. ஆயினும் அதற்கு வேறொரு பயனும் உண்டு. காவலன் விழித்திருக்கிறான் என்பதை அக்குரல் ஊராருக்கு அறிவித்தது. அதைக் கேட்டவர் மறுபுறம் திரும்பிப் படுத்து அமைதியாக உறங்கினர்.

ஒருநாள் இரவு உரிய வேளையில் அக்குரல் எழவில்லை என்று கொள்வோம். அப்போது அறிவுடைய ஊரார் என்ன செய்வர்? ‘இன்று ஊர் அமைதியாக இருக்கிறது’ என்று மகிழ்வரோ? மகிழார். ‘காவலனுக்கு என்ன நேர்ந்ததோ!’ என்று விளக்கை ஏற்றிக்கொண்டு வெளியே வருவர். ஆகவே, நல்ல காவலனுடைய குரல் ஓர் அறிவிப்பு ஆவது போலவே அவனுடைய மௌனமும் ஓர் அறிவிப்பாகும். இந்த எளிய உண்மையின்மீதே இக்காலத்துக் காவற்கருவிகள் யாவும் அமைந்துள்ளன. அதனைப் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து தொடங்கி ஆராய்வோம்.

புதுச்சேரி வங்கக் கடலின் கரையில் அமைந்த நகரம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1836ஆம் ஆண்டில், அங்கே ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. புதிய விளக்கம் 1979ஆம் ஆண்டில் எழும்வரை அது கடலோடிகளுக்கு வழிகாட்டியது. கரை எங்கே உள்ளது என்பதை விளக்கம் காட்டும். ஆனால், புயல் எங்கே உள்ளது என்பதை அது காட்டாது. அதனைக் காட்டுவதற்குத் துறைமுகங்களில் வேறோர் ஏற்பாடு உண்டு. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் செய்தித்தாளைப் புரட்டுவோர், ‘புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்னும் செய்தியைப் பலமுறை கண்டிருப்பர். அக்கூண்டே அவ்வேற்பாடு.

பகலில் கூம்பு, உருளை முதலிய வடிவங்களையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் உயர்ந்த கம்பத்தில் ஏற்றி எண்களை உணர்த்துவர். எண்கள் பதினொன்று. முதல் இரண்டு எண்களும் புயல் தொலைவில் உள்ளது என்பதைக் கூறும். மூன்றும் நான்கும் துறைமுகமே கடுங்காற்றுக்கு உள்ளாகக்கூடும் என்று எச்சரிக்கும். ஐந்து முதல் ஏழு வரை இடர் அறிவிப்புகள். புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறத்தே விட்டுச் செல்லுமாயின் ஐந்து. வலப்புறத்தே விட்டுச் செல்லுமாயின் ஆறு. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமாயின் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய எண்கள், இதே முறையில், கடும்புயலால் விளையும் பேரிடரைக் குறிக்கும்.

பத்துக்கு மேல் பதினொன்று என்றால், அது பத்தினும் கொடிய புயலைக் குறிப்பதாகப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. வானிலை எச்சரிக்கை நிலையத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. வானிலை தீயதாக மாறும் அச்சம் இருப்பதாகத் துறைமுக அலுவலர் கருதுகிறார். இதுவே பதினோராம் எண்ணின் பொருள். செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக்கிக் கம்பத்தின் உச்சியில் ஏற்றிவிட்டனர் முன்னோர். குரல் கேளாத இரவில் விளக்கேற்றிய ஊராரின் அறிவும் இதுவே அன்றோ?

இனி, இதே அறிவு ஒரு சிறு பெட்டிக்குள் எவ்வாறு அடங்கியுள்ளது என்பதைக் காண்போம். வங்கி, மருத்துவமனை, ஆலை, நூல்நிலையம் முதலிய கட்டடங்களின் நுழைவாயிலருகே சுவரில் பொருத்திய பெட்டி ஒன்றைக் காணலாம். அதன் முகத்தில் சிறு விளக்குகளும் பொத்தான்களும் இருக்கும். அதற்கு எச்சரிக்கைக் கட்டுப்பாட்டுப் பலகை என்று பெயர். கண், காது, தோல் ஆகிய பொறிகள் அறிந்தவற்றை மூளை பெற்று ஆராய்வது போல, கட்டடமெங்கும் உள்ள உணர்கருவிகள் அறிந்தவற்றை இப்பலகை பெற்று ஆராய்கிறது.

உணர்கருவிகள் பலவகையின. கதவின் விளிம்பில் ஒரு காந்தத்தையும், நிலையில் ஒரு மெல்லிய உலோகத் தொடுப்பையும் பொருத்துவர். கதவு மூடியிருக்கும்போது காந்தத்தின் ஈர்ப்பால் தொடுப்பு இணைந்திருக்கும். கதவைத் திறந்தவுடன் அது பிரியும். மற்றொரு கருவி, மனித உடலிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர்கள் இடம்பெயர்வதை உணரும். புகையை உணரும் கருவியினுள் ஓர் இருட்டறையும், அதில் ஓர் ஒளிக்கற்றையும் உண்டு. தூய காற்றில் அவ்வொளி நேரே செல்லும். புகை புகுந்தால் அதன் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். அச்சிதறல் பக்கத்திலுள்ள ஒளியுணர் உறுப்பில் பட்டதும் தீயின் அறிகுறி பலகைக்குச் சென்றுவிடும்.

இக்கலையின் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் 1852ஆம் ஆண்டில் தீயறிவிப்புத் தந்தி நிறுவப்பட்டது. தெருவோரத்துப் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அப்பெட்டியின் எண் தந்தி வழியே தலைமையிடத்தை அடையும். எத்தெருவில் தீ என்று ஓடி வந்து கூறவேண்டிய நிலை அவ்வூரில் அன்றோடு நீங்கியது. மறு ஆண்டில், 1853இல், அகஸ்டஸ் போப் என்பவர் கள்வர் வரவை அறிவிக்கும் மின்மணிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்பவர் விலைக்கு வாங்கி அத்தொழிலைப் பரப்பினார்.

மின்மணி அமைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கதவைத் திறந்தால் மின்னோட்டம் பாய்ந்து மணி ஒலிக்குமாறு கம்பியை அமைப்பது எளிது. ஆனால், கள்வன் முதலில் கம்பியை அறுத்துவிட்டால்? அதன்பின் கதவைத் திறந்தாலும் மின்னோட்டம் பாயாது, மணியும் ஒலிக்காது. காவலனின் வாயைக் கட்டிவிட்டுக் களவாடுவது போன்றது இது. இதற்கு மாற்றாக, எந்நேரமும் கம்பியில் சிறிது மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்குமாறு செய்தனர். கதவைத் திறந்தாலும் ஓட்டம் நிற்கும். கம்பியை அறுத்தாலும் ஓட்டம் நிற்கும். ஓட்டம் நின்றவுடன் மணி ஒலிக்கும்.

கள்வன் அதையும் வென்றான். கம்பிகள் இரண்டையும் முன்கூட்டியே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் ஓட்டம் நிற்காது. பிறகு கதவை விருப்பம்போல் திறக்கலாம் என்று கண்டான். அறிஞர் அவனினும் ஒருபடி மேலே சிந்தித்தனர். கம்பியின் கடைசி முனையில், உணர்கருவியின் அருகே, ஒரு சிறு மின்தடையை வைத்தனர். அத்தடையின் வழியே இவ்வளவு ஓட்டமே பாயவேண்டும் என்பது பலகைக்குத் தெரியும். கம்பி அறுந்தால் ஓட்டம் அறவே நிற்கும். குறுக்கே இணைத்தால் ஓட்டம் மிகும். குறையினும் மிகினும் பலகை ஐயுறும். ஒரு நெல்மணி அளவேயுள்ள அச்சிறு பொருள், கம்பி முழுவதும் நலமாக உள்ளதா என்பதை நொடிதோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

தீயறிவிப்புப் பலகையில் இரண்டு வகை விளக்குகளைத் தனித்தனியே காணலாம். சிவப்பு விளக்கு ‘தீ’ என்று கூறும். மஞ்சள் விளக்கு ‘பழுது’ என்று கூறும். கம்பி அறுந்தாலும், மின்கலம் வலுவிழந்தாலும் மஞ்சள் விளக்கு எரியும். துறைமுகத்துப் பதினோராம் எண்ணும் இம்மஞ்சள் விளக்கும் ஒரே பொருளைத் தருவன. ‘கேடு வந்ததா என்பதை அறியேன்; அறியும் ஆற்றலை இழந்தேன்; விரைந்து பாருங்கள்’ என்பதே அப்பொருள்.

பலகைக்குள் தனியே ஒரு மின்கலம் வைப்பதும் காரணம் பற்றியே. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, ஊர்கள் இருளில் மூழ்கின. காவல் மிகுதியாக வேண்டப்படும் வேளையில்தான் மின்சாரம் முதலில் நிற்கும் என்பதை அப்புயல் காட்டியது. எனவே, ஊர் மின்சாரத்தை மட்டும் நம்பியுள்ள காவற்கருவி, பகலில் மட்டும் விழித்திருக்கும் காவலனை ஒக்கும்.

பலகை கேட்டை அறிந்துவிட்டது. மக்கள் ‘சங்கு’ என்று வழங்கும் ஊதொலிக் கருவியும் முழங்குகிறது. ஆயின், பூட்டிய கட்டடத்தில் நள்ளிரவில் முழங்கும் சங்கினைக் கேட்பவர் யார்? இங்குதான் செய்தித் தொடர்புக் கருவிகள் துணைபுரிகின்றன. தொலைபேசிக் கம்பி வழியாகவோ, கைப்பேசி அலைகள் வழியாகவோ, இணையத்தின் வழியாகவோ, தொலைவிலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்குப் பலகை செய்தி அனுப்பும். எந்தக் கட்டடம், எந்தப் பகுதி, எத்தகைய கேடு என்பன குறியீடுகளாகச் செல்லும். ஒருவழி அடைபட்டால் மறுவழி இருக்கவேண்டும் என்று கருதி இரண்டு வழிகளை அமைப்பது சிறந்தது. அன்றியும், கேடு ஒன்றும் இல்லாத காலத்திலும் பலகை குறித்த பொழுதுக்கு ஒருமுறை ‘நலம்’ என்று செய்தி அனுப்பும். அச்செய்தி உரிய வேளையில் வராவிடின் கண்காணிப்பு நிலையத்தார் உடனே விழிப்படைவர். பாராக்காரனின் குரல் இக்காலத்தில் மின்குறியாக மாறி ஒலிக்கிறது என்று கூறலாம்.

உணர்தல், ஆராய்தல், அறிவித்தல், செயற்படுதல் ஆகிய நான்கும் ஒரு சங்கிலியின் நான்கு கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் சங்கிலி பயனற்றதாகும். இவ்வுண்மையை உலகம் 2004ஆம் ஆண்டில் பெருந்துயரத்தோடு கற்றது.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்திராத் தீவின் மேற்கே கடலடியில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவிலிருந்த ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையத்தின் கருவிகள் அதனைச் சில நிமிடங்களிலேயே உணர்ந்தன. கால் மணிநேரத்தில் அறிக்கையும் வெளியாயிற்று. உணரும் கருவி உறங்கவில்லை. ஆனால், இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளின் கரையூர்களுக்குச் செய்தியைக் கொண்டு சேர்க்கும் வழி அன்று இல்லை. பேரலை தமிழகக் கரையை வந்தடைய இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் கரையிலிருந்தோர் ஒன்றும் அறியாமல், மீன் வாங்கியும் விற்றும், வலை உலர்த்தியும், சிறுவர் மணலில் விளையாடியும் இருந்தனர். புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதியில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர்.

அதே காலையில், அதே கரையில், வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. புதுச்சேரி நகருக்குத் தெற்கே கடலோரத்தில் நல்லவாடு என்னும் மீனவர் ஊர் உள்ளது. ஏறத்தாழ 3,600 மக்கள் அங்கு வாழ்ந்தனர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு நிலையங்களை அமைத்து வந்தது. வில்லியனூரில் நடுநிலையம் ஒன்று இருந்தது. வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களுக்குக் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு நாள்தோறும் அதன் வழியே சென்றது. ஊர் நிலையத்தார் அச்செய்தியை ஒலிபெருக்கியில் அறிவிப்பர். கடலுக்குச் செல்லலாமா, ஆகாதா என்பதை மீனவர் கரையிலிருந்தே அறிந்துகொள்வர். நல்லவாட்டிலும் அத்தகைய நிலையம் ஒன்றும் ஒலிபெருக்கியும் இருந்தன.

அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணிபுரிந்து வந்தார். பேரலை பற்றிய செய்தியை அறிந்த அவர், உடனே தம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் ஏறத் தொடங்கியது என்று வீட்டார் கூறினர். ‘எல்லோரும் வெளியேறுங்கள், ஊராரிடமும் சொல்லுங்கள்’ என்றார் அவர். செய்தி அறிந்தோர் அறிவு நிலையத்தை நோக்கி ஓடினர். அது பூட்டிக் கிடந்தது. திறவுகோலைத் தேடிக்கொண்டிருக்கப் பொழுது இல்லை. கதவை உடைத்து உட்புகுந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஊர்மக்கள் மேட்டுநிலம் நோக்கி விரைந்தனர். பேரலை வந்தது. ஏறத்தாழ 150 வீடுகளையும் 200 படகுகளையும் அது சிதைத்தது. ஆனால், ஊரில் ஓர் உயிரும் போகவில்லை.

இந்நிகழ்ச்சியைச் சிறிது ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஹவாயில் விலையுயர்ந்த கருவிகள் இருந்தும் கரைவாழ் மக்களுக்குச் செய்தி சேரவில்லை. நல்லவாட்டில் இருந்தவை ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியுமே. ஆயினும் சங்கிலியின் கண்ணிகள் அங்கே இணைந்தன. மற்றொரு காரணமும் உண்டு. அவ்வொலிபெருக்கி நாள்தோறும் மெய்யான செய்தி கூறிப் பழகியது. நேற்று அலையின் உயரத்தைக் கூறிய வாய் இன்று ‘ஓடுங்கள்’ என்றது. ஆதலால் மக்கள் ஐயுற்று நிற்கவில்லை. நம்பிக்கை என்பது இடர் வந்த நாளில் தேடிக் கொள்ளத்தக்க பொருளன்று. இடரில்லாத நாள்களில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும் செல்வம் அது. பூட்டிய கதவும் ஒரு பாடம் கற்பிக்கிறது. எச்சரிக்கைக் கருவிக்குப் பூட்டு வேண்டுமாயின், அதன் திறவுகோல் எந்நேரமும் எட்டும் கையில் இருத்தல் வேண்டும்.

அப்பேரழிவுக்குப் பின்னர் நம் நாடு தன் சங்கிலியைச் செப்பனிட்டது. ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பணி தொடங்கியது. கடலின் அடித்தளத்தில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளை இறக்கியுள்ளனர். பேரலை மேலே கடந்து செல்லும்போது நீரின் அழுத்தம் சிறிது மாறும். அம்மாற்றத்தைக் கருவி உணரும். வானொலி அலைகள் ஆழ்கடல் நீரை ஊடுருவிச் செல்லமாட்டா. ஆகையால், கருவி தன் செய்தியை ஒலிவடிவில் மேலே அனுப்பும். நீர்ப்பரப்பில் மிதக்கும் மிதவை அதனைப் பெற்றுச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். செயற்கைக்கோள் ஐதராபாத்துக்கு அனுப்பும். சுவரில் பொருத்திய சிறு பெட்டியின் வேலையே இங்குக் கடலளவு விரிந்து நடைபெறுகிறது. கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையும் 2023ஆம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

எச்சரிக்கைக்கு ஒரு பெரும்பகை உண்டு, அது பொய்யறிவிப்பு. ‘புலி வந்தது, புலி வந்தது’ என்று விளையாட்டாகக் கூவிய ஆட்டிடையனின் கதையை அறியாதார் இலர். சிலந்தி புகுந்தாலும், தூசி படிந்தாலும் ஒலிக்கும் கருவியை மக்கள் நாளடைவில் மதியாதொழிவர். சிலர் அதன் இணைப்பையே துண்டித்துவிடுவர். ஆகவே, கருவிகளைக் காலந்தோறும் துடைத்தும் சோதித்தும் காத்தல் கடமையாகும்.

எனினும், எச்சரிக்கைக்குப் பின் கேடு வாராதொழிவதெல்லாம் பொய்யறிவிப்பு ஆகாது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவின் அருகே மீண்டும் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. எச்சரிக்கை விரைந்து வந்தது. தமிழகக் கடற்கரைகளில் இருந்தோர் வெளியேறினர். அன்று கடலடி நிலம் மேலும் கீழுமாக எழாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. ‘வீணாக ஓடினோமே’ என்று சிலர் சலித்திருக்கலாம். அவர்கள் ஓடியது வீணன்று. குடையெடுத்துச் சென்ற நாளில் மழை பெய்யாவிடின் குடையைக் குறைகூறுவார் உண்டோ?

கருவி உணரும், பலகை ஆராயும், கம்பியும் அலையும் செய்தியைக் கொண்டு செல்லும். ஆனால், இறுதிக் கண்ணி என்றும் மனிதனே. மஞ்சள் விளக்கு எரிவதைக் கண்டும் ‘பிறகு பார்ப்போம்’ என்று கடந்து செல்பவன் இருக்கும்வரை எக்கருவியும் பயன்தராது. பூட்டிய கதவை உடைத்தேனும் அண்டை வீட்டாரை எழுப்புபவன் இருக்குமிடத்தில் ஓர் ஒலிபெருக்கியே ஊரைக் காக்கும். பள்ளியில் தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடிக்கும்போது நகைத்துக்கொண்டு நிற்கும் மாணவன் இதனைச் சிந்திப்பானாக. குரல் எழும்போது செவிசாய்த்தலும், எழவேண்டிய குரல் எழாதபோது விழித்தெழுதலும் ஆகிய இவ்விரண்டுமே உறங்காக் காவலாகும்.

பயிற்சி

1. இரவுக் காவலர் குறித்த பொழுதுக்கு ஒருமுறை குரல் கொடுத்ததன் பயன் யாது?
2. துறைமுக எச்சரிக்கையில் பதினோராம் எண் எதனைக் குறிக்கிறது? அதனைத் தீயறிவிப்புப் பலகையின் மஞ்சள் விளக்கோடு ஒப்பிடுக.
3. கம்பியின் கடைசி முனையில் மின்தடை வைப்பது ஏன்? விளக்குக.
4. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நல்லவாட்டு மக்கள் உயிர் பிழைத்தது எவ்வாறு? சுருக்கி எழுதுக.
5. ‘நம்பிக்கை என்பது இடரில்லாத நாள்களில் சேர்த்து வைக்கும் செல்வம்’ — இக்கருத்தை விரித்து ஒரு பத்தி வரைக.
6. உங்கள் பள்ளியில் தீ நேர்ந்தால் செய்தி யார் யாருக்கு, எவ்வழியே செல்லவேண்டும்? ஆசிரியரோடு கலந்து ஒரு பட்டியல் அமைக்க.